மஞ்சளில் இரண்டு கோடு

உப்புப் போட்ட உலையை அடுப்பில் வைத்துவிட்டு என் மனைவி வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசப் போய்விட்டாள். உலை பொங்கி வழிந்து பர்னரில் இறங்கியது. நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் சட்டென்று மஞ்சளாகப் பற்றியது.

"ஏனுங்க, சிலிண்டர் தீரப்போகுதுங்களா?" என்று ஓடி வந்தாள்.

"சிலிண்டருக்கு ஒண்ணுமில்ல. உப்பு கையெழுத்துப் போடுது" என்றேன்.

"ரிட்டையராகி இத்தனை வருசமாச்சு. அந்த லேப் பேச்சை அங்கேயே வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"

வைத்துவிட்டு வர முடியவில்லை. பாலசமுத்திரத்திலிருந்து சைக்கிளிலும் பிறகு டி.வி.எஸ். ஃபிஃப்டியிலும் போய்வந்து, பழனி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் 32 வருடம் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்தவன் நான். ஆசிரியர் இல்லை. மீட்டர் பிரிட்ஜ் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து வைப்பது, லெக்லாஞ்சி செல்லுக்குக் கரைசல் ஊற்றுவது, பிராக்டிகல் அன்று சோடியம் விளக்கை நேரத்தோடு ஏற்றி வைப்பது, இவைதான் என் வேலை. படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் ஆசிரியர்கள் பாடம் நடத்தும்போது ஜன்னல் ஓரம் நின்று கேட்டதும், நூலகத்தில் எடுத்துப் படித்ததும்.

இதை எழுத வைத்தவர் ஒரு பதக்க வியாபாரி. பழனி கிரிவீதியில் துணி விரித்துக் கறுப்பு வட்டமாக எதையோ விற்றுக்கொண்டிருந்தார். "குவாண்டம் பதக்கம்" என்றார். கழுத்தில் போட்டால் மூட்டுவலி போகுமாம், கடன் தீருமாம். "குவாண்டம்னா என்னங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சக்திங்க, விஞ்ஞானிக்கே புரியாதது" என்றார். அதில்தான் எனக்குக் கோபம். கண்ணுக்குத் தெரியாததா? முப்பத்திரண்டு வருடம் நான் அதைப் பிள்ளைகள் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தேனே!

இருட்டறை

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் நினைவிருக்கும். தமிழ்ப் புத்தகத்தில் நிறமாலைமானி. நடுவில் வட்ட மேசை, ஒரு பக்கம் ஒளி நுழையும் குழாய், மறுபக்கம் தொலைநோக்கி, கீழே டிகிரி கோடு போட்ட வட்டத் தகடு, இரண்டு வெர்னியர். மேசையில் கிரேட்டிங் என்கிற கண்ணாடித் துண்டை நிறுத்துவோம். அதில் மீட்டருக்கு ஆறு லட்சம் கணக்கில் கோடுகள் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்து மாதிரி மினுங்கும்.

சோடியம் விளக்கு போட்டவுடன் மஞ்சளாக எரியாது. உள்ளே கொஞ்சம் நியான் வாயு இருப்பதால் முதலில் இளஞ்சிவப்பாக எரியும். சூடு ஏற ஏற சோடியம் ஆவியாகும். பத்து நிமிடம் கழித்து அறை முழுக்க மஞ்சள். அந்த வெளிச்சத்தில் பெண் பிள்ளைகளின் சிவப்பு ரிப்பன் கறுத்துத் தெரியும். நீல இங்க் கறுப்பாகும். இருக்கிற ஒரே நிறம் மஞ்சள்தான், வேறு நிறத்துக்கு அங்கே வழியில்லை.

கிரேட்டிங் வழியாக அந்த மஞ்சளைப் பார்த்தால் தலைமுடி போல ஒரு கோடு. குவியத்தைச் சரிசெய்து, பிளவைக் குறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அது ஒரு கோடில்லை, இரண்டு. அலைநீளம் 5890 ஆங்ஸ்ட்ராம் ஒன்று, 5896 ஆங்ஸ்ட்ராம் மற்றொன்று. பாதரச விளக்கு என்றால் ஊதா, நீலம், பச்சை, இரட்டை மஞ்சள் என்று வரிசையாகத் தனித்தனிக் கோடுகள். நடுவில் இருட்டு.

பிள்ளைகளில் சிலர் ரீடிங்கை 'சமைப்பார்கள்'. பச்சைக் கோட்டுக்கு விடை 5461 வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வெர்னியர் அளவை எழுதிவிடுவார்கள். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் நோட்டைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். "தம்பி, உண்மையான ரீடிங் இவ்வளவு அழகா இருக்காது. நீ நினைச்சது வரலைன்னா, வந்ததை எழுது. வந்ததை எழுதினதாலதான் இந்த சப்ஜெக்டே பொறந்துச்சு" என்பார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. குவாண்டம் இயற்பியல் யாரோ ஆழ்ந்த தியானத்தில் கண்ட தத்துவமில்லை. எடுத்த ரீடிங் பழைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ரீடிங்கை மாற்ற மனமில்லாதவர்கள் கணக்கை மாற்றினார்கள். கதை அவ்வளவுதான்.

படிக்கட்டும் யானைப்பாதையும்

பழனி மலைக்கு ஏற இரண்டு நடைவழி உண்டு. ஒன்று யானைப்பாதை. சரிவாகப் போகும், எந்த இடத்திலும் நிற்கலாம். இன்னொன்று படிக்கட்டு. நான்காம் படியில் நிற்கலாம், ஐந்தாம் படியில் நிற்கலாம், நாலேகால் படியில் நிற்க முடியாது.

19-ஆம் நூற்றாண்டு இயற்பியல் உலகத்தையே யானைப்பாதை என்று நினைத்தது. சக்தி எந்த அளவிலும் இருக்கலாம், எந்த அளவிலும் கூடிக் குறையலாம். அப்படியானால் சூடான சோடியம் எல்லா நிறத்தையும் கலந்து வீச வேண்டும். வீசியது மஞ்சளில் இரண்டு கோடு மட்டும்.

1900-இல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள் வீசும் ஒளிக்குக் கணக்குப் போட்டவர், சக்தி பொட்டலம் பொட்டலமாகத்தான் கைமாறுகிறது என்று வைத்தால்தான் ரீடிங் ஒத்துவருகிறது என்று கண்டார். அந்தப் பொட்டலம்தான் குவாண்டம். 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளியே பொட்டலம்தான் என்றார். பொட்டலம் எவ்வளவு சின்னது? 1 வாட் மஞ்சள் ஒளியில் நொடிக்கு ஏறத்தாழ 30,000 கோடி கோடிப் பொட்டலங்கள் பறக்கின்றன. அதனால்தான் நமக்கு அது அறுபடாத வெளிச்சமாகத் தெரிகிறது.

1913-இல் நீல்ஸ் போர் அணுவுக்குள் படிக்கட்டைக் கட்டினார். எலக்ட்ரான் ஒரு படியில் இருக்கலாம், அடுத்த படியில் இருக்கலாம், நடுவில் இருக்க முடியாது. மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது உயர வித்தியாசத்துக்குச் சரியான ஒரு பொட்டலம் ஒளியை விடுகிறது. சோடியத்தின் படி உயரம் சோடியத்துக்கு மட்டுமே உரியது. என் வீட்டு உப்பு மஞ்சள் கையெழுத்துப் போட்டது இப்படித்தான்.

படி எதற்கு வந்தது? கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை ஆட்டிப் பாருங்கள். ஒரு வளைவாக நிற்கும். வேகம் கூட்டினால் இரண்டு வளைவு, மூன்று வளைவு. ஒன்றரை வளைவாக நிற்கச் சொன்னால் நிற்காது, குழம்பிவிடும். எலக்ட்ரானுக்கும் அலைக்குணம் உண்டு. அணுவுக்குள் கட்டுண்ட அலை சில வடிவங்களில் மட்டுமே நிலைக்கும். அவைதான் படிகள். 1925-இல் ஹைசன்பர்க், 1926-இல் ஷ்ரோடிங்கர், ஆளுக்கொரு வழியில் இதை முழுக் கணக்காக ஆக்கினார்கள். மஞ்சள் கோடு ஏன் இரண்டு என்பதற்கும் 1925-இல் விடை வந்தது. எலக்ட்ரானுக்குத் தன்சுழற்சி என்றொரு குணம் இருக்கிறது, அதற்கு இரண்டே நிலை. அதனால் மேல்படி இரண்டாகப் பிளந்து 6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி விழுகிறது. எங்கள் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துப் பார்த்த இடைவெளி அது.

ஒரு சங்கடமும் கூடவே வந்தது. மேல்படிக்குப் போன சோடியம் எலக்ட்ரான் எப்போது இறங்கும்? சராசரி சொல்லலாம். ஒரு நொடியை ஆறு கோடிக் கூறு போட்டால் ஒரு கூறு நேரம். ஆனால் இந்த அணு இந்தக் கணத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருவி போதாததால் இல்லை, கணக்கே அவ்வளவுதான் தருகிறது. ஐன்ஸ்டைனுக்குக் கடைசிவரை இது பிடிக்கவில்லை. உள்ளே மறைந்திருக்கும் ஏதோ விவரம் நமக்குத் தெரியவில்லை என்றார். 1964-இல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர், இந்தச் சண்டையைப் பரிசோதனையில் தீர்க்க ஒரு வழி சொன்னார். கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவரும் ஆளுக்கொரு காலத்தில் செய்து பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் எதிர்பார்த்த வகை மறைவிவரத்துக்கு இடமில்லை என்று வந்தது. 2022-இல் மூவருக்கும் நோபல். இங்கேயும் தீர்ப்புச் சொன்னது ரீடிங்.

மலைமேல் ஒரு பெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர்

எங்கள் ஊரில் நின்று தெற்கே பார்த்தால் வானத்தில் பாதியை மலை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மலைமேல், கொடைக்கானலில், 1899-இலிருந்து ஒரு சூரிய ஆய்வகம் நடக்கிறது. உயரம் 2,343 மீட்டர். தாது வருஷப் பஞ்சத்தை எங்கள் பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். 1876-78-இல் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்த பஞ்சம். மழை பொய்த்ததற்கும் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. சென்னை வானாய்வகத்தின் வேலை மலையேறியது அப்படித்தான். 1904 முதல் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டிய கணக்குப் புத்தகம் அது.

1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் கரும்புள்ளியின் ஓரத்து ஒளியைக் கோடுகளாகப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தன. அந்த விலகலை வைத்து, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாயு வேகமாக ஓடுகிறது என்று கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். நான் இதில் கவனிப்பது வேறொன்றை. அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பது 1909-இல் எவர்ஷெட் உட்பட ஒருவருக்கும் தெரியாது. போரின் படிக்கட்டுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. தெரியாமலே அளந்தார், அளந்தது இன்றுவரை சரியாக நிற்கிறது.

பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு தடவை அங்கே போயிருக்கிறேன். முதல் தடவை பழனி மலைப்பாதையில் சவரிக்காடு தாண்டும்போதே மூட்டம். ஆய்வகத்தில் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் நான்கு பிள்ளைகளுக்கு வாந்தி. இரண்டாம் தடவை மார்கழி வெயில். 11 மீட்டர் கோபுரத்து உச்சியில் கண்ணாடிகள் சூரியனைப் பிடித்துக் கீழே இறக்கி, பூமிக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்பும் தொலைநோக்கி அங்கே உண்டு. அருங்காட்சியகத்தில் சூரிய ஒளியை நிறமாலையாக விரித்துக் காட்டினார்கள். சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில் பட்டை. அதில் குறுக்கே கறுப்புக் கோடுகள்.

மஞ்சள் பகுதியில் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடு.

எங்கள் இருட்டறையில் மஞ்சளாக எரிந்த அதே இரண்டு கோடு இங்கே கறுப்பாக நின்றது. "இது நம்ம சோடியம்தானே அண்ணா?" என்று ஒரு பெண் கேட்டாள். நம்ம சோடியம்தான். சூரியனின் வெளிப்புறத்தில் இருக்கும் சோடியம் அணுக்கள், உள்ளிருந்து வரும் வெள்ளொளியில் தங்கள் படி உயரத்துக்குச் சரியான பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. எடுத்த இடம் கறுப்பாகிறது. ஏறும்போது எடுப்பதும் இறங்கும்போது விடுவதும் ஒரே அளவு. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியனுக்கும் என் மனைவியின் உலைக்கும் ஒரே படிக்கட்டு.

ஹீலியம் மெய், கொரோனியம் பொய்

இந்தக் கையெழுத்தை வைத்து ஆள் அடையாளம் காணப் போனதில் இரண்டு கதை உண்டு.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் இன்றைய ஆந்திர, தெலங்கானா நிலப்பரப்பின் மேல் விழுந்தது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன், வனபர்த்தியில் அதே ஆய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆளுக்கொரு இடத்தில் கருவியோடு காத்திருந்தார்கள். ரகுநாதாச்சாரி என் இனம், ஆய்வக உதவியாளர். அதற்கு முந்தைய ஆண்டு ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இரண்டோடும் சேராமல் கொஞ்சம் தள்ளி, 5876-இல் இருந்தது. பூமியில் எந்தப் பொருளும் அந்தக் கோட்டைத் தரவில்லை. புதிய தனிமம் என்று முடிவு செய்து, இங்கிலாந்தின் வானியலாளர் லாக்யர் தரப்பில் ஹீலியம் என்று பேர் வைத்தார்கள். 1895-இல் அது பூமியிலும் கிடைத்தது. இன்று பலூனில் அடைக்கிறோம்.

மறு வருடமே, 1869-இல், இன்னொரு கிரகணத்தில் சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்வட்டத்தில் ஒரு பச்சைக் கோடு கண்டார்கள். 5303. அதுவும் யாருடைய கையெழுத்தும் இல்லை. ஹீலியத்தைப் போலவே இதற்கும் 'கொரோனியம்' என்று பேர் வைத்தாகிவிட்டது. எழுபது வருடம் தேடியும் அந்தத் தனிமம் கிடைக்கவில்லை. தனிம வரிசையிலும் அதற்கு இடமில்லை. கடைசியில் 1940-ஐ ஒட்டி க்ரோட்ரியன், எட்லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குவாண்டம் கணக்கால் படிகளை அலசிக் கண்டது என்ன? அது பழைய இரும்பு. 26 எலக்ட்ரானில் 13-ஐ இழந்த இரும்பு. அத்தனையை உரித்தெடுக்கப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்பு வெறும் 5,500 டிகிரி சொச்சம், அதைச் சுற்றிய வெளிவட்டம் பத்து லட்சம்! அடுப்பைவிட அடுப்புக்கு மேலே இருக்கும் காற்று சூடு என்பது போல. ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்கள். 2023 செப்டம்பரில் இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் அதே 5303 பச்சைக் கோட்டைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதைச் செய்தது கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அந்த விண்கலத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

பாதரசத்தின் நீலமும் நெரிசல் படியும்

பாதரச விளக்கில் 4358 என்ற நீலக் கோடு உண்டு. எங்கள் பிள்ளைகள் அதை அளந்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போய்விடுவார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி.வி. ராமன் பாதரச விளக்கின் ஒளியைத் திரவத்தில் பாய்ச்சி, சிதறி வந்ததைப் பார்த்தபோது, போன நிறத்தோடு போகாத நிறமும் வந்திருந்தது. ஒளிப்பொட்டலம் மூலக்கூறின் படியொன்றை அசைத்துவிட்டு, அதற்கான சக்தியைக் கொடுத்துவிட்டு மீதியோடு வெளியே வருகிறது. ராமன் திருச்சிக்காரர். கூடவே நின்று வேலை பார்த்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர், எங்களைப் போல மலையடிவார ஊர். குவாண்டம் கணக்கு பிறந்து மூன்றே வருடம் ஆகியிருந்த நேரம். 1930-இல் ராமனுக்கு நோபல். இன்று மருந்து கலப்படமா என்று பார்க்கவும் அதே முறை உதவுகிறது.

அதே 1928-இல் ஜெர்மன் அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர் அவரைத் தேடிப்போய், "உங்கள் அணுப் புத்தகத்தைப் படித்துவிட்டேன்" என்ற பெருமையோடு நின்றார். அந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, குவாண்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லிவிட்டார். பையன் துவண்டு போகவில்லை, புதியதைப் படிக்க உட்கார்ந்தார்.

1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது சந்திரசேகர் போட்ட கணக்கைப் படிக்கட்டை வைத்தே சொல்லலாம். ஒரு படிக்கு இத்தனை எலக்ட்ரான்தான் என்று குவாண்டத்தில் விதி உண்டு. தைப்பூசக் கூட்டம் போல எலக்ட்ரான்களை நெருக்கினால், கீழ்ப்படிகள் நிறைந்துவிடும், பிறகு வருபவை மேலே மேலே ஏறித்தான் நிற்க வேண்டும். மேல்படி என்றால் வேகம். அந்த வேகம்தான் எரிந்து முடிந்த விண்மீன் தன் பாரத்தால் நசுங்காமல் தாங்குகிறது. ஆனால் ஒளியின் வேகத்தைத் தாண்ட எதற்கும் அனுமதியில்லை. ஆகவே தாங்குவதற்கும் எல்லை உண்டு, சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு எடை. அதற்கு மேல் போனால் விண்மீன் சரியத்தான் வேண்டும். 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் சபையில் அந்தக் காலத்துப் பெரிய தலை எடிங்டன், இயற்கை இப்படி நடந்துகொள்ளாது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகருக்கு நோபல் 1983-இல் வந்தது. எடிங்டனின் பேர் ரீடிங்கை மாற்றவில்லை.

இன்னும் ஒத்துவராத ஒரு பக்கம்

சூரியன் எரிவதே குவாண்டத்தால்தான் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி. ஆனால் இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விலக்கலை மீறி ஒட்ட, பழைய கணக்குப்படி அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு சூடு வேண்டும். வேலியைத் தாண்டப் பலமில்லாத மாடு விடிந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது போல, புரோட்டானின் அலைக்குணம் எப்போதோ ஒருமுறை அதைத் தடைக்கு அப்பால் விட்டுவிடுகிறது. சுரங்க விளைவு என்கிறார்கள். 1928-இல் காமோவ் காட்டிய வழி இது. ஒரு புரோட்டானுக்கு இந்த வாய்ப்பு வரச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டு ஆகும். அவ்வளவு அரிது என்பதால்தான் சூரியன் ஒரே நாளில் வெடித்துத் தீராமல் நிதானமாக எரிகிறது. 2025-இல் கிளார்க், தெவொரே, மார்ட்டினிஸ் மூவரும் நோபல் பெற்றது, கையில் பிடிக்கும் அளவு மின்சுற்றிலும் இந்தச் சுரங்க விளைவைக் காட்டியதற்கு.

இன்றைய கோட்பாட்டு இயற்பியலுக்குக் குவாண்டம் ஒரு பிரிவு இல்லை, அஸ்திவாரம். எலக்ட்ரானின் காந்தத் தன்மையைக் குவாண்டம் கணக்குப் போட்டுச் சொல்கிறது, பரிசோதனையில் அளக்கிறார்கள், இரண்டும் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒத்துப்போகின்றன. மின்காந்தம், அணுக்கருவின் உள்விசைகள், 2012-இல் கிடைத்த ஹிக்ஸ் துகள் எல்லாம் இந்த ஒரே கணக்கில் அடங்குகின்றன. அடங்காத ஒன்று ஈர்ப்புவிசை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கணக்கு யானைப்பாதை, அணுவின் கணக்கு படிக்கட்டு. கருந்துளையின் நடுவிலும் பிரபஞ்சத்தின் முதல் கணத்திலும் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தாக வேண்டும். அங்கே விடை வரவில்லை. அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியில் 1962-இல் சென்னையில் தொடங்கி, இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் உட்கார்ந்து வெறும் பேனாவும் கரும்பலகையுமாக இந்த இணைப்பைத் தேடுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், 2023-இல் மத்திய அரசு 6,003 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டம் அறிவித்தது. அதில் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

கோடிக்கணக்கில் பணம் வருவது நல்லதுதான். என் கவலை சின்னது. ஒரு சோடியம் விளக்கு பியூஸ் போனால் மாற்று வாங்க எனக்கு ஒரு முறை ஒரு கல்வியாண்டே ஆனது. அந்த வருடம் படித்த பிள்ளைகள் இரட்டைக் கோட்டைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தில் பார்த்தவனிடம்தான் பதக்கக்காரன் வியாபாரம் பண்ணுவான்.

வீட்டில் பழைய பாட்டு சி.டி. கிடந்தால் எறிய வேண்டாம். அதிலும் மில்லிமீட்டருக்கு 625 வரி இருக்கிறது, எங்கள் லேப் கிரேட்டிங்குக்குச் சமம். ராத்திரி மற்ற விளக்கை அணைத்துவிட்டு, பழைய சி.எஃப்.எல். பல்பின் வெளிச்சத்தை அதில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தனித்தனி நிறங்களாக விழும். அதில் பளிச்சென்று நிற்கும் பச்சையில் பாதரசத்தின் 5461-உம் இருக்கிறது. எல்.இ.டி. பல்பைக் காட்டினால் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து விரியும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஏன் வித்தியாசம் என்று அவர்களே கேட்பார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சி.டி.யில் சூரியனைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். சூரியனைப் பார்க்க ஆசை வந்தால் பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் இருக்கிறது.